அடைப்பெடுக்கும் மெஷினும் கேபிளில் ஏறும் முறுக்கும்

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் பைப் அடைத்துக்கொண்டால் முன்பெல்லாம் மூங்கில் சிலாகை, நீட்டுக் கம்பி, வாளி வாளியாகக் கொதிநீர் என்றுதான் கைவைத்தியம் நடக்கும். இப்போது மோட்டார் பூட்டிய மெஷின் வந்துவிட்டது. வளைகுடா நாடுகளில் பிளம்பர் வேலை பார்த்துத் திரும்பியவர்களில் சிலர் அதைப் பழகிக்கொண்டு வந்தார்கள், சிலர் மெஷினையே கொண்டுவந்தார்கள். அரை நாள் வேலை அரை மணித்தியாலத்தில் முடிகிறது. நல்லதுதான். ஆனால் அதைப் பற்றிய பேச்சு இப்படித்தான் இருக்கிறது: "கரண்ட் அடிக்காமப் பாத்துக்கொண்டாச் சரி. மற்றப்படி அது கம்பியைச் சுத்துற மோட்டார்தானே." விரல்களை எடுப்பது இந்த நினைப்புத்தான்.

கரண்டுக்குப் பயப்படத்தான் வேண்டும், அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் இந்த மெஷினுக்கென்றே உள்ள ஆபத்து கேபிளில் சேரும் முறுக்கு. அதை ஒருமுறை சரியாக விளங்கிக்கொண்டால், கையேட்டிலுள்ள விதிகளில் பெரும்பாலானவை ஏன் அப்படி எழுதப்பட்டன என்பது தானாகப் பிடிபடும். விளங்காவிட்டால் அவை வெறும் கண்டிப்பாகத் தெரியும். கண்டிப்பை நாங்கள் இரண்டாம் நாளே மறந்துவிடுவோம்.

மெஷினுக்குள் இருப்பது

வெளியே பார்த்தால் ஒரு சின்னத் தாங்கி, பெரும்பாலும் சக்கரத்தோடு. அதன் மேல் வட்டமான ஒரு பெட்டி. இந்தப் பெட்டிதான் டிரம். அதற்குள் கேபிள் வளையம் வளையமாகச் சுருண்டு கிடக்கும். மோட்டார் டிரம்மைச் சுழற்றும்; டிரம்மோடு சேர்ந்து கேபிளும் தன் அச்சிலேயே சுழலும்.

கேபிள் என்றதும் கரண்ட் வயரை நினைக்க வேண்டாம். ஸ்பிரிங் இரும்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றிச் செய்த, பல மீற்றர் நீளமான ஒரு ஸ்பிரிங் அது. வளையும், முறுகும், விட்டால் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். அதன் நுனியில் பூட்டுவது தலை. ஈட்டி போன்ற தலை அடைப்பில் துளை போடும், அகன்ற அலகுள்ள தலை கொழுப்பைச் சுரண்டும், பல் வைத்த தலை வேரை அறுக்கும். முதலில் ஈட்டித் தலையை விட்டு வழி பார்த்துவிட்டு, பிறகுதான் பெரிய தலைக்குப் போவார்கள்.

சாதாரண மெஷின்களில் மோட்டார் செய்வது சுழற்றும் வேலை மட்டும். கேபிளைப் பைப்புக்குள் தள்ளுவதும் வெளியே இழுப்பதும் நம் கைதான். இதை ஒரு கணம் யோசித்துப் பாருங்கள். மரம் அறுக்கும் மெஷினிலோ கிரைண்டரிலோ சுழலும் பாகத்தை யாரும் தொடுவதில்லை. இங்கே சுழலும் பாகத்தைப் பிடிக்காமல் வேலையே நடக்காது.

அதனால்தான் இதற்குக் கைச் சுவிச்சுக்கு மேலாக ஒரு கால்மிதி வைத்திருக்கிறார்கள். பல மெஷின்களில் அது ரப்பர் குமிழ் போல இருக்கும். அதற்குள் கரண்ட் இல்லை, காற்றுத்தான். மிதித்தால் காற்று ஒரு மெல்லிய குழாய் வழியே போய் மோட்டார்ச் சுவிச்சைத் தட்டும். காலை எடுத்தால் காற்று திரும்பும், மோட்டார் நிற்கும். இரண்டு கையும் கேபிளில் இருக்கும்போது மோட்டாரை நிறுத்துவதற்குக் காலைத் தவிர வேறு வழியில்லை. அந்த மிதி ஒழுகினாலோ, மிதித்தது மிதித்தபடி ஒட்டிக்கொண்டாலோ, அதைத் திருத்தும்வரை மெஷினைத் தொடக் கூடாது. மிதியின் மேல் கல்லை வைத்துவிட்டு வேலை செய்வது, தன்னைக் காப்பாற்ற இருக்கும் ஒரே வழியைத் தானே அடைப்பதாகும்.

ஈரச் சாரனும் கேபிளும்

தோய்த்த சாரனை இரண்டு பேர் பிழிவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் ஒரு முனையை அசையாமல் பிடித்துக்கொள்ள, மற்றவர் தன் முனையை முறுக்குவார். முதலில் துணி இறுகும், தண்ணீர் வடியும். இன்னும் முறுக்கினால் ஒரு கட்டத்துக்கு மேல் துணி நேராக நிற்காது. நடுவில் சட்டென்று பக்கவாட்டில் மடிந்து, தன்னைத் தானே சுற்றி ஒரு புரி போட்டுக்கொள்ளும். தளர்வாகப் பிடித்தால் புரி சீக்கிரம் விழும். இழுத்துப் பிடித்தால் பிந்தி விழும்.

கேபிளில் நடப்பதும் இதுதான். பைப்புக்குள்ளே தலை ஒரு வேரிலோ துணிக் கந்தலிலோ சிக்கி நின்றுவிட்டது என்று வையுங்கள். அசையாமல் பிடிக்கும் ஆள் அந்த அடைப்பு. மறுமுனையில் மோட்டார் முறுக்கிக்கொண்டே இருக்கிறது, தலை நின்றது அதற்குத் தெரியாது. டிரம் சுற்றும் ஒவ்வொரு சுற்றும் தலைவரை போய்ச் சேராமல் கேபிளுக்குள்ளேயே தங்குகிறது. இப்படிச் சேர்ந்து நிற்பதைத்தான் முறுக்கு என்கிறேன்.

எவ்வளவு விரைவாகச் சேரும்? இந்த மெஷின்கள் மெதுவாகச் சுற்றுவதாகத்தான் கண்ணுக்குத் தெரியும். டிரம் மெஷின்கள் பல நிமிடத்துக்கு 150 முதல் 250 சுற்று வரைதான் போகும். 200 சுற்று என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு விநாடிக்கு மூன்று சுற்றுக்கு மேல். தலை சிக்கியதை உணர்ந்து காலை எடுக்க இரண்டு விநாடி பிந்தினால் ஆறேழு சுற்று முறுக்கு கேபிளில் ஏறியிருக்கும்.

அந்த முறுக்கு பைப்புக்குள்ளே மடிந்து வெளியேற இடம் குறைவு, பைப்பின் சுவர் விடாது. மடிவதற்கு வசதியான இடம், கேபிளைச் சுற்றி எதுவும் இல்லாத திறந்த துண்டு: மெஷினுக்கும் பைப் வாய்க்கும் நடுவில். உங்கள் இரண்டு கையும் இருக்கும் இடமும் அதுவேதான். இரும்பு ஸ்பிரிங் மடியும்போது துணி மடிவதுபோல் கண்ணுக்குத் தெரிந்து மடியாது. ஒரு துள்ளல்தான். புரிக்குள் விரல் இருந்தால் விரல், மணிக்கட்டு இருந்தால் மணிக்கட்டு.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. மோட்டார் நின்றவுடன் முறுக்கு போய்விடுவதில்லை. காலை எடுத்த பிறகும் சேர்ந்த முறுக்கு கேபிளில் இருக்கும், எதிர்ப்பக்கமாகத் திரும்பி அவிழப் பார்க்கும். அந்த நேரத்தில் "அப்பாடா" என்று கையை விட்டால் கேபிள் துள்ளும். இறுகப் பிடித்தபடி, அது அடங்கும்வரை பொறுக்க வேண்டும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: மோட்டார் ஒரு முனையைச் சுழற்றுகிறது, அடைப்பு மறுமுனையைப் பிடித்துக்கொள்கிறது, நடுவில் உள்ள கேபிளில் முறுக்கு ஏறுகிறது, அது திறந்த இடத்தில் மடிந்து வெளியே வருகிறது. இனிச் சொல்லப்போகும் பழக்கங்கள் முறுக்கு ஏறாமல் பார்ப்பதற்கும், ஏறியது மடியாமல் தடுப்பதற்கும், மடிந்தால் நம் உடம்பு அதற்குள் அகப்படாமல் இருப்பதற்கும்தான்.

மிதியும் பிடியும் ஒரே ஆளிடம்

நம் பக்கத்தில் வேலை நடக்கும் விதத்தில் எனக்கு மிகவும் கவலை தருவது இது. ஒருவர் பைப் வாயில் குந்தியிருந்து கேபிளைப் பிடிப்பார். கூட வந்த பொடியன் மெஷினடியில் நின்று மிதிப்பான். "தம்பி, மிதி", "தம்பி, நிப்பாட்டு" என்று வேலை நடக்கும். ஆள் உதவி இருப்பதால் இது பாதுகாப்பு என்றும் நினைக்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். தலை சிக்கியதைக் கேபிளைப் பிடித்த கைதான் முதலில் உணரும். அந்தக் கைக்குரியவரே மிதியில் நின்றால் உடனே காலைத் தூக்கிவிடுவார். மிதியில் வேறு ஆள் நின்றால், பிடித்தவர் உணர்ந்து, வாய் திறந்து கத்தி, அந்தச் சத்தம் மோட்டார் இரைச்சலுக்கு மேலால் பொடியனின் காதில் விழுந்து, அவன் விளங்கிக் காலை எடுக்க வேண்டும். அதற்குள் கேபிள் எத்தனை சுற்று முறுகியிருக்கும் என்பதை மேலே பார்த்தோம். பொடியன் கெட்டிக்காரனாக இருந்தாலும் இந்தத் தாமதத்தைக் குறைக்க முடியாது.

ஆகவே மிதிப்பவர்தான் பிடிக்க வேண்டும், பிடிப்பவர்தான் மிதிக்க வேண்டும். மிதி கால் எட்டும் இடத்தில், நிலை தடுமாறாமல் நிற்கக்கூடிய தரையில் இருக்க வேண்டும். உதவிக்கு வந்தவருக்கு வேறு வேலை கொடுங்கள்: தண்ணீர் ஊற்றலாம், சின்னப் பிள்ளைகளை விலக்கலாம், ஏதாவது நடந்தால் பிளக்கை இழுத்துக் கழற்றத் தயாராக நிற்கலாம். அது சின்ன வேலை இல்லை.

கை டிரில்லில் கேபிளைப் பூட்டிச் சுற்றுவதும் இங்கே அடிபட்டுப்போகிறது. டிரில்லைப் பிடிக்க ஒரு கை போய்விடும், கேபிளுக்கு ஒரு கைதான் மிஞ்சும். விரல் சுவிச்சை லொக் பண்ணிவிட்டால் நிறுத்தவும் முடியாது. அதற்கென்றே செய்த சின்ன மெஷின்கள் உண்டு. சுவர் துளைக்கும் டிரில் அதுவல்ல.

திறந்த துண்டு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது

சாரனை நீளமாகப் பிடித்துப் பிழிந்தால் புரி சுலபமாக விழும், கைகளைக் கிட்டப் பிடித்தால் விழாது. அதனால் மெஷினின் வாயைப் பைப்பின் வாயிலிருந்து ஏறத்தாழ 60 சென்ரிமீற்றருக்குள், அதாவது இரண்டடிக்குள், கொண்டுபோய் வைக்க வேண்டும். காணி ஒடுக்கமாக இருக்கிறது, மெஷின் பாரம், படிக்குக் கீழே இறக்க முடியாது என்று முற்றத்தில் வைத்துவிட்டுக் கேபிளை ஐந்தாறடி அந்தரத்தில் விட்டால், மடிவதற்கு இடத்தை நாமே கொடுக்கிறோம். கிட்ட வைக்க வழியே இல்லையென்றால் நடுவிலுள்ள கேபிளை ஒரு வழிக்குழாய்க்குள் விட வேண்டும். மெஷினோடு வரும் வளையும் குழாய் அதற்குத்தான். ஒரு துண்டு பைப்பைக்கூட நன்றாகக் கட்டிப் பாவிக்கலாம்.

பைப்பின் பருமனுக்கேற்ற கேபிள் என்பதும் இதே நியாயம்தான். குசினி சிங்கிலிருந்து வரும் ஒன்றரை, இரண்டு அங்குலப் பைப்புக்கு 8 அல்லது 10 மில்லிமீற்றர் கேபிள் போதும். அதே மெல்லிய கேபிளை மலசலகூடத்திலிருந்து போகும் நாலு அங்குலப் பைப்புக்குள் விட்டால், உள்ளேயே திரும்பி மடிந்து முடிச்சுப்போட அதற்கு இடம் கிடைத்துவிடும். அங்கே 16 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் வேண்டும். மாறி, தடித்த கேபிளைச் சின்னப் பைப்பில் திணித்தால் வளைவில் பைப் உடையும்.

கமோட்டின் வாய்க்குள் இந்த மெஷினை விடவே வேண்டாம். பீங்கான் கீறும், வெடிக்கும். வளைவில் கேபிள் தட்டித் திரும்பி வெளியே துள்ளும். அதற்குக் கையால் சுற்றும் வளைகம்பி இருக்கிறது. மெஷினை விடுவதென்றால் வெளியிலுள்ள மேன்ஹோலையோ, பைப்பில் விட்டிருக்கும் மூடியையோ திறந்து அதன் வழியே விடுங்கள்.

கையுறை

எந்தக் கையுறையும் இல்லாமல் பிடிப்பது தவறு என்று எல்லாருக்கும் தெரியும். எல்லாக் கையுறையும் ஒன்று என்ற நினைப்புத்தான் இன்னும் ஆபத்து.

கேபிளைக் கிட்ட வைத்துப் பாருங்கள். நேராக இருக்கும்போது கம்பிச் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். கொஞ்சம் வளைத்தால் வளைவின் வெளிப்பக்கத்தில் சுற்றுகளுக்கிடையே இடைவெளி திறக்கும். இப்போது அதே வளைவோடு கேபிள் சுழல்கிறது: திறந்த இடைவெளி உள்பக்கம் வந்ததும் மூடும், மறுபடி வெளிப்பக்கம் வந்ததும் திறக்கும். விநாடிக்கு மூன்று தடவை வாயைத் திறந்து மூடும் ஒரு பொருளைக் கையில் வைத்திருக்கிறீர்கள். கட்டட வேலைக்குப் போடும் நூல் கையுறையின் ஓர் இழை அந்த வாயில் அகப்பட்டால் போதும். இழை போகும் வழியே கையுறை போகும், கையுறைக்குள் இருக்கும் விரலும் போகும். பழைய துணியைச் சுற்றிப் பிடிப்பதும் அப்படித்தான். மெல்லிய ரப்பர் கையுறை மட்டும் போட்டால் அது கிழிந்து இழுபடும்.

வேண்டியது கைக்கு அளவான, தடித்த தோல் கையுறை. இந்த வேலைக்கென்றே விற்பது கிடைத்தால் அதுதான் சரி. அழுக்குத் தண்ணீர் தோலில் ஊறும் என்பதால் உள்ளே மெல்லிய ரப்பர் கையுறை ஒன்றைப் போட்டு, மேலே தோல் கையுறை போடலாம்.

அதே வாய்க்குச் சாரனின் தொங்கலும், தோளில் போட்ட துவாயும், முந்தானையும், விரித்த கூந்தலும், மணிக்கட்டில் கட்டிய நூலும் ஒன்றுதான். சாரன் கட்டிக்கொண்டு இந்த வேலை செய்யக் கூடாது. காற்சட்டை, கையை இறுக்கிய சேட், வழுக்காத ரப்பர் சப்பாத்து, கண்ணுக்குக் கண்ணாடி. மோதிரத்தையும் மணிக்கூட்டையும் கழற்றி வைத்துவிடுங்கள்.

தலை அடைப்பைத் தொடும்போது

பழகியவர்கள் இந்த வேலையைக் கையால் கேட்கிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். மிதிக்கும் முன்பே தலையும் கொஞ்சக் கேபிளும் பைப்புக்குள் போயிருக்க வேண்டும். வெளியே இருக்கும் தலையைச் சுழற்றினால் அது சாட்டையாக அடிக்கும். பிறகு மிதித்துக்கொண்டே ஒரு சாண், இரண்டு சாணாகக் கேபிளை உள்ளே விட வேண்டும். அவசரப்பட்டு முழங்கணக்கில் திணித்தால் தலை எங்கே நிற்கிறது என்பதே கைக்குத் தெரியாது.

தலை அடைப்பில் பட்டால் கேபிள் மேலே போக மறுக்கும், கையில் ஒரு கனம் தெரியும், மோட்டார்ச் சத்தமும் இறங்கும். அந்த இடத்தில் தள்ளுவது பிழை. கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, தலையைச் சுதந்திரமாகச் சுழல விட்டு, மறுபடி மெல்லத் தொட வேண்டும். சுரண்டுவது சுழலும் தலை, தள்ளும் கை இல்லை. கேபிள் கைக்குள் நெளிந்து பக்கவாட்டில் போகப் பார்த்தால் முறுக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். அந்த விநாடியே காலை எடுங்கள்.

தலை முழுதாகச் சிக்கிவிட்டால்? காலை எடுத்து, கேபிள் அடங்கியதும், இழுத்துப் பாருங்கள். வராவிட்டால் மட்டும் ரிவர்ஸில் போட்டு விட்டு விட்டு மிதித்துத் தலையை விடுவிக்கலாம். விடுபட்டதும் உடனே நேர்ச்சுற்றுக்கு மாற்றிவிட வேண்டும். ரிவர்ஸ் என்பது சிக்கெடுக்க மட்டுமே. கேபிளின் கம்பி, நேர்ச்சுற்றில் இறுகும் விதமாகச் சுற்றப்பட்டிருக்கிறது. ரிவர்ஸில் ஓட ஓட அது அவிழும், அவிழ்ந்த இடத்தில் மடியும். மோட்டாரை முற்றாக நிற்கவிடாமல் திசை மாற்றுவதும் கூடாது. சில மெஷின்களில் பாரம் கூடினால் வழுக்கிவிடும் கிளச் இருக்கிறது. இருந்தால் நல்லது, ஆனால் அதை நம்பிக் கையைக் கொடுக்க வேண்டாம்.

கேபிளை வெளியே எடுக்கும்போதும் கொஞ்சம் சுழற்றிக்கொண்டே, தண்ணீரும் ஓடவிட்டு எடுக்க வேண்டும். கேபிள் கழுவுப்படும், அடைப்பின் மிச்சமும் போகும். ஆனால் தலை பைப் வாய்க்குக் கிட்ட வருமுன் சுழற்றுவதை நிறுத்திவிட வேண்டும். எப்போது கிட்ட வரும் என்று எப்படித் தெரியும்? தலைக்குச் சற்று முன்னால் கேபிளில் நிறமான டேப் ஒன்றைச் சுற்றி வையுங்கள். அது கண்ணில் பட்டதும் காலை எடுத்து, மிச்சத்தைக் கையால் இழுங்கள்.

மறுபடி சுருக்கமாக: ஒரே ஆள், இரண்டடிக்குள், தோல் கையுறை, சாண் சாணாக, கனம் தெரிந்தால் கால் மேலே. முறுக்கைப் பற்றி இவ்வளவுதான்.

கரண்ட்

கரண்டும் ஈரமும் ஒன்றாக இருக்கும் வேலை இது. நிற்பது நனைந்த தரை, பிடிப்பது நனைந்த இரும்பு. நம் வீட்டுக் கரண்ட் 230 வோல்ற்.

வீட்டில் இரண்டு வகைக் காவல் இருக்கிறது, மக்கள் இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடுகிறார்கள். பிரேக்கர் என்று சொல்லும் சின்னச் சுவிச்சுகள் வயர் சூடாகி எரியாமல் பார்ப்பவை. ஆளைக் கொல்லத் தேவையான கரண்ட் அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை, விழமாட்டா. ஆளைக் காப்பது ட்ரிப் சுவிச். வீட்டுக்குள் போகும் கரண்டும் திரும்பி வரும் கரண்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். போனதில் ஒரு பங்கு உங்கள் உடம்பு வழியாக நிலத்துக்குப் போனால் கணக்கு உதைக்கும். வித்தியாசம் 30 மில்லி அம்பியரை எட்டினால் ஒரு விநாடியில் சிறு பங்குக்குள் தட்டிவிடும். அதில் "ரெஸ்ட்" என்று ஒரு பொத்தான் இருக்கும். வேலை தொடங்குமுன் அதை அமத்திப் பாருங்கள். சுவிச் விழாவிட்டால் அந்த வீட்டில் மெஷினைப் பூட்டக் கூடாது.

அடுத்தது ஏர்த். மெஷினின் பிளக்கில் மூன்று பின் இருந்தால் மூன்றும் வேலை செய்ய வேண்டும். எங்கள் வீடுகளில் வட்டப் பின் பொருத்தியும் சதுரப் பின் பொருத்தியும் கலந்து கிடப்பதால், கடையில் வாங்கிய ஒரு அடப்டரை நடுவில் செருகுவது வழக்கம். அவற்றுள் மலிவானவை சிலவற்றில் ஏர்த் பின்னுக்கு உள்ளே தொடுப்பே இருக்காது. பொருத்தி ஒத்துவரவில்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கொண்டு சரியான பிளக்கைப் போடுவிப்பதே வழி. தூரம் போதாவிட்டால் தடித்த, ஏர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் வயர். அதன் தொடுப்பு தண்ணீர் படாத உயரத்தில் இருக்கட்டும். ஈரக் கையால் பிளக்கைத் தொடாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த மெஷின் என்றால் அதன் உடம்பில் ஒட்டியிருக்கும் தகட்டை முதலில் வாசியுங்கள். 110, 120, 127 வோல்ற் என்று இருந்தால் நம் கரண்டில் நேரே பூட்டக் கூடாது, மோட்டார் எரியும்.

பைப்புக்குள் ஏற்கெனவே ஊற்றியவை

மெஷினைக் கூப்பிடுமுன் வீட்டுக்காரர் எதையாவது ஊற்றிப் பார்த்திருப்பார். கோஸ்டிக் சோடாவோ, அசிட்டோ, கமோட் கழுவும் திரவமோ. அடைப்புக்கு மேல் தேங்கி நிற்கும் தண்ணீரில் அது அப்படியே இருக்கும். சுழலும் கேபிள் அந்தத் தண்ணீரை முகத்தில் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வை போகும். ஆகவே வந்ததும் கேட்க வேண்டிய முதற் கேள்வி, "அக்கா, இதுக்குள்ள என்ன ஊத்தினீங்க?" ஊற்றியிருந்தால் மெஷினை விடக் கூடாது. கழுவும் திரவத்தில் அசிட் இருக்கும். அதோடு குளோரின் வெளுப்பானும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறைக்குள் அது மூச்சை அடைத்துவிடும்.

கிருமிகளையும் லேசாக விட முடியாது. எலிக்காய்ச்சல் வயற்காரருக்கு மட்டும் வருவது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. எலி மூத்திரம் கலந்த தண்ணீர் எங்கே இருந்தாலும் அது வரும், கானில் எலி இல்லாத ஊர் எது? கையிலோ காலிலோ கீறல் இருந்தால் மூடிக் கட்டிவிட்டு இறங்குங்கள். ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டு எவ்வளவு காலம் என்று பாருங்கள். வேலை முடிந்து சோப்புப் போட்டுக் கழுவும்வரை வெற்றிலையும் வேண்டாம், பீடியும் வேண்டாம், தேத்தண்ணியும் வேண்டாம். அடுத்த இரண்டு மூன்று கிழமைக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால், கான் வேலை செய்ததை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சொன்னால்தான் அவர் அந்தப் பக்கம் யோசிப்பார்.

கேபிள் மலக்குழிவரை போய், குழிக்குள் தலை சிக்கிவிட்டால் அதை எடுக்க உள்ளே இறங்க வேண்டாம். ஒருபோதும் வேண்டாம். மலக்குழிக்குள் உருவாகும் ஐதரசன் சல்பைட்டு கூழ்முட்டை நாற்றம் கொண்டது. ஆனால் அதன் அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும். நாற்றம் இல்லை, இறங்கலாம் என்று நினைப்பவர் கீழே விழுவார். அவரைத் தூக்க இறங்குபவரும் விழுவார். அலவாங்கால் மூடியைக் கிளப்பியதும் நெருப்புக்குச்சி தட்டிப் பார்ப்பதும் கூடாது, மீதேன் பற்றும். தலை போனால் போகட்டும். ஆள் விழுந்துவிட்டால் வெளியே நின்றபடி 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

மாரியில் பைப்பைக் குறை சொல்ல வேண்டாம்

மெஷினை இறக்குமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அடைபட்டிருப்பது உண்மையில் பைப்தானா? குசினி சிங்க் மட்டும் நிற்கிறது, மற்றதெல்லாம் ஓடுகிறது என்றால் அந்தச் சின்னப் பைப்பில்தான் அடைப்பு. பொரித்த எண்ணெயும் சோற்றுக் கஞ்சியும் மீன் செதிளும் சேர்ந்து இறுகியிருக்கும். எல்லாமே ஒன்றாக நிற்கிறதென்றால் வெளியே மேன்ஹோலைத் திறந்து பாருங்கள். அது காய்ந்து கிடந்தால் அடைப்பு வீட்டுக்கும் அதற்கும் நடுவில். நிரம்பி நின்றால் அடைப்பு அதற்கு அப்பால், அல்லது குழியே நிரம்பிவிட்டது.

வாவிக்குக் கிழக்கே கடற்பக்கமாக உள்ள எழுவான்கரையில் கல்லடி, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி என்று தெற்கே போனாலும் சரி, அப்பால் கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று என்றாலும் சரி, மணல் நிலம், கையெட்டும் ஆழத்தில் தண்ணீர். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை கொட்டும்போது நிலத்தடி நீர் மேலே வந்துவிடும். குழியைச் சுற்றியுள்ள மணலே தண்ணீரால் நிறைந்திருக்க, குழித் தண்ணீர் ஊறி எங்கே போகும்? கமோட்டில் ஊற்றியது அப்படியே நிற்கும். இது அடைப்பு இல்லை. இந்த நேரத்தில் மெஷினை எடுத்தால் கேபிள் தடையின்றிக் குழிவரை போய்வரும், தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். வேலை செய்பவர் மட்டும் வெள்ளத்தில் நின்றபடி கரண்ட் மெஷினோடு ஆபத்துக்குள் இருப்பார். கிணற்றை எட்டிப் பாருங்கள். கிணற்று நீர் வழமையைவிட மேலே, குழியும் முட்ட முட்ட, வீட்டில் எல்லாமே ஓடாமல் நிற்கிறது என்றால் மெஷினைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

மாநகர சபையிடமோ பிரதேச சபையிடமோ கலி பவுசர், அதாவது குழியை உறிஞ்சி எடுக்கும் வண்டி, கேட்கலாம். ஆனால் நிலத்தடி நீர் உச்சத்தில் நிற்கும்போது எடுத்தால் ஊற்று நீர் திரும்பக் குழியை நிரப்பும். அடைத்துக் கட்டிய தொட்டியென்றால், முற்றாக வெறுமையாக்கும்போது சுற்றிலுமுள்ள தண்ணீர் அதை மேலே தூக்கவோ சுவரை உடைக்கவோ கூடும். அதனால் தேவைக்கு மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். சிங்க் தண்ணீரையும் குளிக்கும் தண்ணீரையும் அந்த நாட்களில் குழிக்கு விடாமல் வாளியில் பிடித்து வெளியே ஊற்றுங்கள். மழை விட்டு, முகத்துவாரம் வெட்டி வாவித் தண்ணீர் கடலுக்குப் போய் இறங்கிய பிறகும் கமோட் ஓடாமல் நின்றால், அப்போது மேன்ஹோலைத் திறந்து பார்த்துவிட்டு மெஷினைக் கூப்பிடலாம்.